கேம் பற்றித் தமிழில் எழுத எந்த இடம் தோது?

பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் ஈரோட்டுத் தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணா, விளையாடுற கேம் பத்தித் தமிழ்ல எழுதலாம்னு இருக்கேன். ஃபேஸ்புக்ல போட்டா போதும்ல? தனியா பிளாக் வச்சா இப்ப யாருண்ணா வந்து படிக்கப் போறாங்க?"

இந்த யோசனையில் இருப்பவன் அவன் மட்டுமில்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் நின்று நின்று வீடு வந்து சேர்ந்து, சாப்பிட்டு முடித்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டரைத் திறக்கிற தமிழ்ப் பிள்ளைகள் பெங்களூரில் ஏராளம். எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் தள்ளுபடியில் சேர்த்த கேம்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றிச் சொல்ல விஷயமும் இருக்கிறது. எங்கே எழுதுவது என்பதில்தான் தயக்கம். தம்பிக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கு. அதைக் கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாகரில் இணை. கட்டுரை அங்கே இருக்கட்டும். ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் "எழுதியிருக்கிறேன், வாங்க" என்று அழைப்பு மட்டும் போடு. இதில் பிளாகர் என்பதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். டொமைன் என்பதை மட்டும் விட்டுவிடாதே.

ஃபேஸ்புக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதுகிற கூட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 2004-ல் தமிழ்மணம் என்ற திரட்டித் தளம் வந்தபோது தமிழ் வலைப்பூக்களுக்கு ஒரு பொதுத் திண்ணை கிடைத்தது. யார் என்ன எழுதினாலும் அங்கே தெரியும், வாசகர்கள் அங்கிருந்து வருவார்கள். அந்தக் கூட்டம் பிறகு மெல்ல மெல்ல ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்தது. காரணமும் நியாயமானதுதான். அங்கே எழுதிய பத்தாவது நிமிடத்தில் பதில் வருகிறது. ஒருவர் மறுக்கிறார், ஒருவர் கூடுதலாக ஒரு தகவல் தருகிறார். எழுதுகிறவனுக்கு இதைவிடத் தெம்பு தருவது வேறில்லை. புதிதாக எழுத வருகிறவனுக்கு அந்தத் தெம்பு தேவை என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேம் பற்றிய எழுத்துக்கு ஆயுள் அதிகம். அரசியல் பதிவு மறுநாள் பழசாகிவிடும், கேம் கட்டுரை அப்படி ஆகாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999-ல். அதன் புதுப்பித்த பதிப்பு 2019-ல் வந்தது. 2022 ஏப்ரலில் அதற்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வந்து, திராவிடர் என்ற நாகரிகம் சேர்ந்தது. அதில் ராஜேந்திர சோழனை வைத்து ஒரு கதைத்தொடரே இருக்கிறது. சுருள் வாளைச் சுழற்றுகிற உருமி வீரன் வருகிறான், 'திரிசடை' என்ற பெயரில் ஒரு பெரிய போர்க்கப்பலும் வருகிறது.

இதை ஒரு தமிழ்ப் பிள்ளை விளையாடும்போது மனதில் கேள்விகள் எழாமல் இருக்குமா? கடாரப் படையெடுப்பைப் பாடுகிற ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி' என்கிறது. பல கலங்கள் போயின என்று சொல்கிறதே தவிர, கலத்தின் பெயர் அங்கே இல்லை. அப்படியானால் கேமில் வருகிற அந்தப் பெரிய கப்பல் எந்த அளவுக்கு வரலாறு, எந்த அளவுக்குக் கற்பனை? கேமில் சோழனின் படை எதற்காகக் கடல் கடந்தது என்று காட்டுகிறார்கள், வரலாற்றாசிரியர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்? உட்கார்ந்து எழுதினால் அருமையான கட்டுரை வரும். தள்ளுபடியில் அந்தக் கேமை வாங்கிய இன்னொருவன் மூன்று வருடம் கழித்து 'ராஜேந்திர சோழன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்று தமிழில் தேடுவான். ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரை அவன் கண்ணில் படுவது அபூர்வம். கூகுள் தேடலில் ஃபேஸ்புக் பதிவுகள் சரியாக வருவதில்லை. ஃபேஸ்புக்குக்கு உள்ளேயே தேடினாலும், எழுதியவனுக்கே தன் பழைய பதிவு அகப்படாது. நீளமாக எழுதுவதற்கென்று அங்கே நோட்ஸ் என்று ஒன்று இருந்தது. 2020 அக்டோபரோடு அதில் புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நீண்ட கட்டுரையை அந்த இடம் எப்படிப் பார்க்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

எக்ஸ், அதாவது பழைய ட்விட்டர், விளையாடிக்கொண்டிருக்கும்போதே நாலு வார்த்தை சொல்ல நல்ல இடம். ஆனால் தமிழுக்கு அங்கே ஒரு நெருக்கடி இருக்கிறது. 2017-ல் எல்லையை 140-லிருந்து 280 ஆக்கினார்கள். அந்த 280 நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கில் வராது. 'கோட்டை' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து: கோ, ட், டை. அங்கே அது ஆறு. ககரம் தனி, ஓகாரக் குறி தனி, புள்ளியும் தனிக் கணக்கு. ஆக, 280 என்பது தமிழில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். எக்ஸ் மாதிரியே இருக்கிற ப்ளூஸ்கை தளத்தில் 300 என்றால், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை அப்படியே ஒன்றாக எண்ணுகிறார்கள். 'கோட்டை' அங்கே மூன்றுதான். தமிழில் எழுதுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை, ஒரே பதிவில் ஒரு முழுக் கருத்தைச் சொல்லி முடிக்க முடிகிறது. ப்ளூஸ்கையில் உன் சொந்த டொமைனையே பயனர் பெயராகவும் வைத்துக்கொள்ளலாம். என்ன, நம் ஆட்கள் அங்கே இன்னும் குறைவு. ஆகவே இப்போதைக்கு அழைப்பு போடுவதற்கு எக்ஸ்தான்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. படத்துக்குக் கீழே இணைப்பைப் போட்டால் அதை அழுத்தவே முடியாது. எழுத்தைத் தேடி ஆள் வர வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அது ஒத்துவராது.

யூட்யூப் வேறு விஷயம். கேம் என்றாலே தமிழ்நாட்டிலும் சரி, இங்கேயும் சரி, பிள்ளைகள் முதலில் போகிற இடம் அதுதான். ஒரு கடினமான எதிரியை எப்படி வீழ்த்துவது என்று காட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை எழுதுவதைவிட இரண்டு நிமிட வீடியோ மேல். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாக் கேமும் அப்படி இல்லையே. 2023-ல் வந்த 'வெண்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையல் வழியாக. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 2024-ல் ஐ.ஜி.எஃப் என்ற சுயாதீனக் கேம்களுக்கான விழாவில் தலையாய பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான விருதையும் வாங்கியது. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களை நாமே யோசித்து இட்லி வார்க்க வேண்டும். கைவேகம் எதுவும் வேண்டாம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊரை விட்டு வந்து பெங்களூரில் வாடகை வீட்டில் தானே சமைத்துச் சாப்பிடுகிற ஒருவனுக்கு அந்த விளையாட்டு என்ன செய்தது என்பதை ஸ்க்ரீனைக் காட்டிப் புரியவைக்க முடியாது. அதை எழுதத்தான் வேண்டும். தம்பி எழுத நினைப்பதும் இந்த மாதிரி விஷயங்களைத்தான் என்பதால் எழுத்தின் பக்கம் நிற்கிறேன்.

சரி, அடுத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. கேம் விளையாடுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே பட்டிருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அக்டோபர் கடைசியில் சர்வரும் நின்றபோது, வருடக்கணக்கில் விளையாடிச் சேர்த்தது கைக்கு எட்டாமல் போனது. 2021-ல் அதன் இந்தியப் பதிப்பு பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இணையம் வழியாகவே கேம் விளையாடவைத்த கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' கேமின் சர்வரை 2024 மார்ச் கடைசியில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் விளையாட முடியவில்லை. தனியாகவே விளையாடி முடிக்கக்கூடிய கேமுக்கும் சர்வர் வேண்டும் என்று கட்டி வைத்திருந்ததால் வந்த வினை. மாறாக, ஜிஓஜி என்ற கேம் கடையில் நகல் பூட்டு இல்லாமல் வாங்கி, ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்த கேம் அந்தக் கடையே இல்லாமல் போனாலும் ஓடும்.

எழுத்துக்கும் கணக்கு இதேதான். நம் ஊரிலேயே கண் முன்னால் நடந்தது, ட்விட்டர் மாதிரி வந்த 'கூ' என்ற தளத்தின் கதை. 2020-ல் பெங்களூரில் தொடங்கி, இந்திய மொழிகளில் எழுத ஓர் இடம் என்று தமிழையும் சேர்த்துத்தான் வந்தார்கள். நல்ல நோக்கம், உழைப்பும் இருந்தது. 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். ஆர்க்குட் 2014-ல் போனது, கூகுள் பிளஸ் 2019-ல் போனது, டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடையானது. இவற்றில் எழுதியவர்கள், பாடியவர்கள், ஆடியவர்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. சாவி வேறொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் சாவி நம் கையில் இருக்கிற மாதிரி எழுத என்ன வழி? மூன்று இருக்கின்றன: பிளாகர், வேர்ட்பிரஸ், நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் நாமே கட்டுகிற நிலையான பக்கங்கள்.

மூன்றாவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஹ்யூகோ, ஜெகில் மாதிரிக் கருவிகளை வைத்துச் சாதாரண எழுத்துக் கோப்புகளை வலைப்பக்கங்களாக மாற்றிக் கிட்ஹப்பில் இலவசமாகப் போடலாம். வேகமாகத் திறக்கும், தரவுத்தளம் கிடையாது, உடைக்க ஒன்றுமில்லை. எழுதியது எல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே கோப்புகளாக இருக்கும். நேர்மையாகச் சொன்னால் பாதுகாப்பில் இதுதான் முதலிடம். பெங்களூரில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் ஆட்கள் என்பதால் ஆசையும் வரும். ஆனால் நான் பார்த்த வரையில், இதை எடுத்தவர்கள் எழுதுவதைவிட டெம்ப்ளேட்டைத் திருத்துவதில்தான் ராத்திரிகளைச் செலவழிக்கிறார்கள். பகலெல்லாம் ஆபீஸில் புரோகிராம் எழுதிவிட்டு வந்தவன் ராத்திரியும் அதையே செய்வானேன்? அந்த நேரத்தில் ஒரு கேம் விளையாடலாம், ஒரு பக்கம் எழுதலாம்.

வேர்ட்பிரஸ் 2003-லிருந்து இருக்கிறது. உலகத்து வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. இதில் இரண்டு வகை உண்டு, புதியவர்கள் பலர் குழம்புகிற இடமும் இதுதான். வேர்ட்பிரஸ் டாட் காமில் கணக்கு திறந்தால் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் இலவசக் கணக்கில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைன் போடப் பணம் கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்கிலிருந்து மென்பொருளை எடுத்து நாமே ஹோஸ்டிங், அதாவது சர்வரில் வாடகை இடம், வாங்கிப் போட்டால் சகல சுதந்திரமும் கிடைக்கும். கூடவே சகல வேலையும் வரும். ப்ளகின் என்ற துணை மென்பொருள்களைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காமல் விட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான். வருடா வருடம் ஹோஸ்டிங் பணம் கட்ட வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கேமிங் இதழ் மாதிரி நடத்தினால் வேர்ட்பிரஸ்தான் சரி. தனி ஆள் மாதத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரை எழுத அது கொஞ்சம் அதிகம்.

பிளாகர் 1999-ல் வந்தது, 2003-ல் கூகுள் வாங்கியது. பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். ஆனால் தனி ஆளுக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. காசு வேண்டாம். சொந்த டொமைனை இணைக்கவும் காசு கேட்பதில்லை. பராமரிப்பு என்று ஒன்றும் இல்லை, ஆறு மாதம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். வேலை மாறும், வீடு மாறும், நடுவில் எழுத முடியாமல் போகும். அப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்கிறவர்களுக்கு இந்தக் குணம் பெரிய வரம்.

தமிழில் எழுதும்போது பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் ஒரு சங்கடம் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அந்தப் பக்கத்தின் முகவரியில் தலைப்பு வராது. 'ப்ளாக்-போஸ்ட்' என்று பொதுப் பெயரும் ஓர் எண்ணும் வரும். எத்தனை கட்டுரை எழுதினாலும் முகவரியைப் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது. வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே எடுத்துக்கொள்ளும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஒன்பது எழுத்தாக மாற்றி வைக்கும். அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. 'ராஜேந்திர சோழனின் கப்பல்கள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'கப்பல்' வரை போய் நின்றுவிடும், 'கள்' உதிர்ந்துவிடும். அந்த இணைப்பை வாட்ஸப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும். பார்க்கிறவன் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடவே மாட்டான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வெளியிடுவதற்கு முன்பே முகவரிப் பகுதியில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயரை நாமே போட்டுவிட வேண்டும்.

"பிளாகரும் கூகுளோடதுதானே அண்ணா, நாளைக்கு அதையும் மூடிட்டா?" என்று தம்பி மடக்கினான். நியாயமான கேள்வி. டொமைனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதற்காகத்தான். பிளாகரிலிருந்து எல்லாக் கட்டுரைகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதை வேர்ட்பிரஸில் ஏற்றலாம், பழைய முகவரி அமைப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். டொமைன் உன்னுடையதாக இருந்தால், எவனோ எங்கோ கொடுத்த பழைய இணைப்பும் சரியான பக்கத்துக்கே வந்து சேரும். பிளாகர் இலவசமாகத் தருகிற பிளாக்ஸ்பாட் முகவரியில் எழுதியிருந்தால் அது நடக்காது. டொமைனுக்கு ஆகிற செலவு வருடத்துக்குப் பொதுவாக ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். முதல் வருடம் மலிவாகக் காட்டி இரண்டாம் வருடம் ஏற்றுகிற கடைகள் உண்டு, ஆகவே புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று ஞாபகம் வேண்டும்: பிளாகரிலிருந்து இறக்கிய அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது, படங்களின் முகவரிதான் இருக்கும். கேம் கட்டுரைக்கு ஸ்க்ரீன்ஷாட் உயிர். ஸ்டீமில் எஃப்12 அழுத்தி எடுத்த படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் கட்டுரைவாரியாக வைத்துக்கொள்வது அவசியம்.

கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்புகிற சப்ஸ்டாக் தளம் பற்றியும் கேட்டான். மின்னஞ்சலில் நேராக வாசகரிடம் போய்ச் சேருவது நல்ல விஷயம், வாசகர் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வெளியேறலாம். சந்தா வாங்கினால் அதில் நூற்றுக்குப் பத்து அவர்களுக்கு. ஆனால் மின்னஞ்சலைத் திறந்து தமிழ்க் கட்டுரை படிக்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் வளரவில்லை, வந்த மின்னஞ்சலில் பாதி வங்கி விளம்பரம். வாசகர்கள் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக, பெங்களூரில் இருப்பதால் வருகிற ஒரு கேள்வி. இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ்தான். பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். அவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. கேம் விளையாடுவதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, ராஜேந்திரன் கதையைச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள். தமிழில் எழுதினால் இவர்கள் விட்டுப்போகிறார்களே என்பது எனக்கு உண்மையாகவே உறுத்தலாக இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக யூட்யூபை முழுசாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். முகத்தைக் காட்ட வேண்டாம், எடிட்டிங் வேண்டாம். எழுதி முடித்த கட்டுரையை, விளையாடிய காட்சி பின்னால் ஓட, நிதானமாக வாசித்துப் பதிவு செய்தால் போதும். கீழே கட்டுரையின் இணைப்பைக் கொடுத்துவிடலாம்.

அதற்கும் நேரமில்லை என்றால், பக்கம் திறந்த வலையில் இருப்பதாலேயே இன்னொரு வழி கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் எட்ஜில் பக்கத்தை உரக்கப் படிக்கிற வசதி தமிழுக்கும் உண்டு, பல்லவி, வள்ளுவர் என்ற குரல்கள் அதில் இருக்கின்றன. உச்சரிப்பு பெரும்பாலும் நன்றாகவே வருகிறது, கேம்களின் ஆங்கிலப் பெயர்களில் மட்டும் சில சமயம் தடுக்கும். கட்டுரையின் மேலேயே "படிக்க வராதவர்கள் இப்படிக் கேட்கலாம்" என்று இரண்டு வரி போட்டு, அந்த இரண்டு வரியை மட்டும் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். டொமைனுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறான்.